மூன்றரை விரல்

ராத்திரி ரெண்டு மணிக்குக் கை என்னை எழுப்பும்,
கோழிக்கும் அலாரத்துக்கும் முந்தி.
கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு
ஈரத்துணி உதறுவதுபோல் உதறுவேன்.
பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல்,
மோதிரவிரலில் சரிபாதி.
சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது,
அடுத்த வீட்டுக்காரி மாதிரி நன்றாகத் தூங்கும்.

"கை மரத்துப்போச்சு" என்றேன்.
"முந்நூறு மரத்தோட கெடந்தா பின்ன என்ன ஆவும்?"
என்றார் ஜஸ்டஸ், திரும்பிப் படுத்தபடி.
எனக்குச் சிரிப்பு வந்தது.
விரல் வரவில்லை.

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பத்துகாணி மேட்டில் ரப்பர் வெட்டுகிறவள் நான்.
பட்டை போகணும், தடி தெரியக்கூடாது,
இடையில் ஒரு நூல் கனம்தான் என் பிழைப்பு.
பதினெட்டு வருஷம் தடியைத் தொடாத கத்தி
அந்த வாரம் இரண்டு தரம் தொட்டது.
மேஸ்திரி காயத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு
நோட்டில் எதையோ எழுதினார்.

தைலம் மூன்று குப்பி தீர்ந்தது.
பிறகு பனச்சமூடு சந்தை தாண்டி
வெள்ளறடைக்கு பஸ் ஏறினேன்.

கைகள் மட்டும் காத்திருக்கும் வராந்தா அது.
மணிக்கட்டில் நெல்லிக்காய் அளவு கட்டியோடு ஒரு கண்டக்டர்,
ஊசியில் உறிஞ்சியும் திரும்ப வந்ததாம்.
கைப்பிள்ளையைத் தூக்கித் தூக்கி
பெருவிரல் அடி வீங்கிய ஒரு பெண்.
மடங்கிய விரலை நிமிர்த்தினால்
சுவிட்சுபோல டக்கென்று கேட்கும் ஒரு தையல்காரர்,
கேட்டவர்க்கெல்லாம் போட்டுக் காட்டினார்.

"செறுபுஷ்பம்!"
இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் புரிந்தது,
எல்லை தாண்டியதில் சிறுபுஷ்பம் இப்படி ஆகியிருக்கிறது.

"தரிப்புண்டோ?" என்றார் டாக்டரம்மா.
ஓரிடத்தில் தரிக்காதவள் நான்,
இல்லை என்று சொல்ல இருந்தேன்.
அவர் தன் விரல்களை எறும்பு ஊர்வதுபோல் அசைத்தார்.
ஓ, அதுவா. உண்டு, உண்டு.

புறங்கை இரண்டையும் ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க
தலைகீழாக ஒரு கும்பிடு.
ஒரு நிமிஷம் பிடிக்கச் சொன்னார்.
முப்பது எண்ணுமுன்னே எறும்பு வந்துவிட்டது.
உள்ளங்கை மேடு தேய்ந்திருப்பதை
அவர் அமுக்கிக் காட்டிய பிறகே நான் பார்த்தேன்.

ராத்திரிக்கு ஒரு பட்டைக்கட்டு, மணிக்கட்டு மடங்காதபடி.
ஆறு வாரம் அதோடு படுத்தேன்.
பிறகு ஒரு ஊசி;
மழை முடியும்வரை தூங்கினேன்.
மழை போனது, எறும்பு வந்தது.

"உள்ளே நரம்புக்கு மேலே ஒரு பட்டை,
அதான் இறுக்குது, வெட்டி விடணும்" என்றார்.
"எவ்வளவு ஆழம்?"
"நரம்பைத் தொடாத அளவு."
அந்த ஆழம் எனக்குத் தெரியும்.
"இலை உதிரட்டும்" என்றேன்,
மரத்துக்கும் அப்போதுதான் லீவு.

மரத்த கையை மறுபடி மரக்க வைத்தார்கள்.
முகத்துக்கும் கைக்கும் நடுவே பச்சைத் துணி.
எனக்கு ஒரு மரத்துக்கு இருபது நொடி,
அவருக்குப் பத்து நிமிஷம்.
புதுசாக வெட்டுகிறவளோ என்று நினைத்தேன்,
கேட்கவில்லை.

அன்று ரெண்டு மணிக்குப் பழக்கத்தில் விழித்தேன்.
கை தூங்கிக்கொண்டிருந்தது.
எழுப்பிவிடுவேனோ என்று புரண்டுகூடப் படுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.
ஜாம் பாட்டிலைத் திறக்க இன்னும் பலமில்லை,
மூன்று மாசம் ஆகுமாம்.
தழும்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
நேர்க்கோடு, சுத்தமான வெட்டு.
"சரிவு போதாது, பால் இறங்காது" என்றேன்.
டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை,
நர்ஸ் சிரித்தாள்,
அவள் வீட்டிலும் ரப்பர் இருக்கும்.

நேற்று ராத்திரி இடது கை எழுப்பியது.
சும்மா கெட, என்றேன்.
மேட்டில் இலை துளிர்த்துவிட்டது.