ஏழரை மீற்றர்

தபால்கந்தோர் வீதியில்
என் போட்டோக்கொப்பிக் கடை வாசலில்
கான் மூடிய சிலாப் ஒன்று
மாசியில் உடைந்தது.
உடைத்தது ஆர் என்பதில் சண்டையில்லை.
மணல் டிப்பர். பின்பக்கமாக ஏறி
இறங்கிப் போனதைத் தெருவே பார்த்தது.
கட்டுவது ஆர் என்பதில்தான்.

சபையில் சொன்னார்கள்,
அது பெரிய வீதி, அதிகார சபைக்குரியது.
அதிகார சபைக்காரர் அளவு நாடாவோடு வந்தார்.
நடுக்கோட்டில் ஒரு நுனியை அழுத்தியபடி நான் குந்தியிருக்க
ஆட்டோக்கள் கோர்ன் அடித்துச் சுற்றிப்போக
மற்ற நுனியோடு அவர் கடைப்பக்கம் நடந்தார்.
"ஏழரை மீற்றர் மட்டும் எங்கட."
ஏழரை வந்து நின்றது
குழியின் நட்டநடுவில்.
"அரைக்குழிக்கு எஸ்டிமேற் போட ஏலாது, தம்பி."

தண்ணீர்ச் சபைக்குக் குழாய் மட்டும்.
டெலிபோன்காரருக்கு வயர் மட்டும்.
குழி
ஒருவருடைய பட்டியலிலும் இல்லை.

கடிதத்துக்கு நாலு பிரதி.
கொப்பி அடித்ததும் நான்தான்,
காசை ஆரிடம் கேட்க?

வைகாசியில் லைற் எரியாத ஓர் இரவு
பிலோமினா ரீச்சர் விழுந்தா.
கணுக்கால்.
நாங்கள் ஓடிப்போய்ப் பார்க்கையில்
இடுப்பளவு கானுக்குள் நின்றபடி
இடியப்பப் பார்சலை
தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தா.
"முதல்ல இதை வாங்கடா."

கோட்டைப் பக்கத்து மான்கள்
விடியப்புறம் வந்து
குழியை மணந்து பார்த்துவிட்டு
ரோட்டில் இறங்கி நடந்தன.
நாங்களும் அப்படித்தான் பழகியிருந்தோம்.

ஆடியில் ஒரு ஞாயிறு இரவு
ஒன்றரைப் பை சீமெந்து நான் எடுத்தேன்.
ரயர்க்கடை அஜந்த கம்பி கொண்டுவந்தான்.
லொத்தர் விற்கும் ஜவ்பர் நானா
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
ஆருடைய மட்டப்பலகையோ, பிடித்து இழுத்தார்.
"குழைச்சது காணும், ஊத்து."
விடியப் பார்த்தால்
காயாத சீமெந்தில் ஒரு மான் குளம்பு.
அழிக்க மனம் வரவில்லை.

பதினோராம் நாள் பதிவுத் தபால்.
சிங்களத்தில் ஒரு தாள், தமிழில் ஒரு தாள்.
பொது நிலத்தில் அனுமதியற்ற நிர்மாணம்.
பதினான்கு நாட்களுக்குள் விளக்கம்.
தவறின் அகற்றும் செலவு உம்மைச் சாரும்.
கீழே, சபையும் அதிகார சபையும்
ஒரே தாளில் கையொப்பம்.
மேலே
கு. நிமலகாந்தன் என்று
இனிஷல்கூடப் பிழையில்லாமல் என் பெயர்.
ஆறு மாதம் தேடிய ஆளை
ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

விளக்கம் எழுதி நாலு பிரதி அடித்து வைத்திருக்கிறேன்.
ரீச்சர் பொல்லூன்றி வந்தா.
உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.
குளம்படிக்குப் பக்கத்தில் காலை வைத்து நின்று
சிவப்புப் பேனை கேட்டு
இரண்டாம் வரியில் விட்ட ஒற்றெழுத்தைப்
போட்டுக்கொண்டிருக்கிறா.