மூன்றாவது நட்சத்திரம்

நவூம் அடித்த பந்து
ஃப்ரூமா ஸில்பரின் பொத்தான் கடைக் கண்ணாடியில் பாய்ந்தது
புதன்கிழமை.
எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள்,
கேட்டுக் கேட்டுத்தான் தெருவே கூடிவிட்டது.

எங்கள் நாள் அந்தியில் பிறக்கிறது.
கடலைப் போல் அகன்ற இந்த ஆற்றுக்குள்
சூரியன் இறங்கிய உடனே பகல் செத்துவிடுவதில்லை;
மூன்று நட்சத்திரம் தெரியும்வரை
இரவென்று அடித்துச் சொல்லவும் முடியாது.
நடுவில் கிடக்கும் அரை மணி நேரம்
யாருடைய நிலமும் இல்லை.
மொண்டெவிடியோவின் ஜூலைக் குளிரில்
பையன்கள் பந்து விளையாடுவது
அதில்தான்.

அன்றைய இரவு பிறந்தால்
தம்மூஸ் பன்னிரண்டு, என் மகனுக்குப் பதின்மூன்று.
மேடை வேண்டாம், கேக் வேண்டாம்,
தூங்கிக்கொண்டிருந்தாலும் வந்து சேரும்
மீசை மாதிரி.

பகலில் உடைத்திருந்தால் அவன் சிறுவன்.
சிறுவன் உடைத்ததற்குச் சட்டம்
யாரிடமும் காசு கேட்காது, என்னிடமும்கூட.
பாவம் மட்டும் அப்பன் பேரேட்டில் ஏறும்.
இரவில் என்றால்
பாவமும் அவனுடையது
கண்ணாடியும் அவனுடையது.

கறிக்கடை லெய்ஸர் அண்ணாந்து பார்த்தார்.
மேகம்.
மருந்துக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
"நட்சத்திரங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்,
எனக்குக் கண்ணாடி வேண்டும்" என்றாள் ஃப்ரூமா,
காலடியில் முத்துப் பொத்தான்களும் சில்லுகளும்
ஒன்றுபோலவே மின்ன.

நான் பகலின் பக்கம் வாதாடினேன்.
வெட்கமே இல்லாமல்,
மெத்தை தைக்கிறவன் விலை பேசுகிற குரலில்.
இன்னும் வெளிச்சம் இருக்கிறது பாருங்கள்,
ஊசியில் நூல் கோக்கலாம், பாருங்கள்.
காசுக்காக என்று நினைத்தார்கள்.
நினைக்கட்டும்.

அப்போது நவூம் சொன்னான்:
"ராத்திரிதான். மூணு பார்த்தேன்."
'மூணு' பாதியில் கீச்சென்று உடைந்தது.
விரல் நீட்டிய திசையில்
ஈரக் கம்பளி போல மேகம், வேறொன்றுமில்லை.
ஒருவரும் மறுக்கவில்லை.
ஃப்ரூமா துடைப்பத்தை அவனிடம் கொடுத்தாள்.

பொத்தான் பொறுக்கி வீடு வர
பத்தாகிவிட்டது.
விரலில் கட்டுப் போட ரெபேக்கா அழைத்தாள்,
வேண்டாமென்றான்.

வியாழன் காலை
இடது கையில் ஏழு சுற்று வார் சுற்றினான்.
நடுவிரலில் மூன்று சுற்று வரவேண்டும்,
வெட்டு அங்கேதான்.
உதட்டைக் கடித்துக்கொண்டு
காயத்தின் மேலேயே சுற்றினான்.
தோல்சுருள் முன்னால் நின்று
அவனது நாலு வரிகளைப் படித்தான்;
ஓரிடத்தில் ராகம் வழுக்கியது,
மீண்டும் ஏறிக்கொண்டான்.

பிறகு என் முறை. ஒரே வாக்கியம்.
"இவனுடைய தண்டனையிலிருந்து
என்னை விடுவித்தவனுக்குப் போற்றி."
அதில் ஆண்டவன் பெயரைச் சேர்ப்பதா விடுவதா என்று
பல நூற்றாண்டு வழக்கு.
எனக்கு வேறொரு வழக்கு:

மேகத்துக்குள் மூன்று நட்சத்திரம் கண்டேன் என்றானே,
பொய்தானே?
அந்தப் பொய்யைச் சொன்னதும்
அதே அந்தியில்.
இரவென்றால் அது பொய்யே இல்லை, பாதி மெய்.
பகலென்றால் என் பேரேட்டில் வரும்,
என் கையெழுத்தில்.

வாய் திறந்தபடி நின்றேன்.
தொண்டை அடைத்ததென்று லெய்ஸர் முதுகில் தட்டினார்.
வாக்கியத்தைச் சொல்லி முடித்தேன்,
ஆண்டவன் பெயர் இல்லாமல்,
அந்த ஒரு பொய்யையும் விடுதலையில் சேர்க்காமல்.

மேல்மாடத்திலிருந்து பெண்கள் மிட்டாய் எறிந்தார்கள்.
ஃப்ரூமா குறி பார்த்து எறிந்தாள்,
நெற்றியில் கட்டிய கறுப்புப் பெட்டிக்கு அரை விரல் கீழே.
சின்னப் பையன்கள் பாய்ந்து பொறுக்கினார்கள்.
நவூமும் குனிந்தான்,
பாதியில் நின்றான்,
என்னைப் பார்க்கவில்லை,
பிறகு முழுவதும் குனிந்து
ஒன்றை எடுத்துக்கொண்டான்.