புளிப்பு

நெடுங்கேணி. பட்டியடி. காலை ஆறேகால்.
சிவப்பியின் கழுத்தெங்கும் பாக்களவுக் கட்டிகள்;
எண்ணிக்கொண்டு வந்து நாற்பதில் விட்டுவிட்டேன்.

"எப்பிடி உள்ள போகுது டொக்டர்?
வேலியில்லையோ உடம்புக்கு?"
என்கிறா மங்களேஸ்வரி.

இருக்கிறது. கொழுப்பாலான வேலி.
அம்மை வைரசும் கொழுப்பைத்தான் போர்த்தி வருகிறது.
உடைப்பதில்லை.
கலமே அதை இரையென்று விழுங்கிச்
செரிக்கப் புளிப்பூட்டுகிறது.
அந்தப் புளிப்பில்தான்
பூட்டாயிருந்த புரதம் கழன்று விழுகிறது.
பிறகு பதினொன்று,
ஒன்றையொன்று பிடித்தபடி,
இரு கொழுப்பையும் நெருக்கும்.
ரசத்தில் இரண்டு எண்ணெய்ப் பொட்டு
தொட்டதும் ஒன்றாகுமே,
பொருத்து எதுவென்று பிறகு காட்டமுடியாதே,
அப்படி.
ஒன்று வராவிட்டால்
சிலவேளை மேற்படை மட்டும் கலக்கும்,
துளை விழாது.
துளைப்பது எப்படியென்று
ஒருதருக்கும் இன்னும் முழுசாய்த் தெரியாது.

பால் சங்கம் மூன்று நாளாய்
அவவைத் திருப்பி அனுப்புகிறது.
வாளிக்குள் பால் தானாய்த் திரைந்து கிடக்கிறது.

"அப்ப, அது விழுங்காமல் விட்டிருந்தா?"

வெளியில் நின்றே
ஒட்டிச் சேருகிறவையும் உண்டு.
சொல்லவில்லை.
ஊசியில் மருந்தை இழுத்தபடி
கன்றைத் தள்ளிக் கட்டச் சொன்னேன்.