எடைக் கணக்கு

புதன்கிழமை, சபைகூடல் முடிந்ததும்
சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால்
நீலக் கித்தான் விரித்து
நேற்றைய குப்பையைக் கொட்டினோம்.
இருபத்திரண்டு பேர்,
ஐந்தாம் ஆண்டு மொத்தமும்.

தராசு, தோட்ட ஆபீசில் இரவல்.
செம்பனை உதிரிப்பழம் நிறுப்பது.
கொக்கியில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு.

கையுறை போதவில்லை. ஆளுக்கு ஒன்று.
வலக்கை எனக்கு, இடக்கை தீபாஷினிக்கு.
இருவரும் சேர்ந்தால்தான்
ஒரு முழு ஆள்.

மைலோ பெட்டி முப்பத்தேழு.
ஸ்ட்ரா அறுபத்தொன்று.
நாசி லெமாக் தாளில் ஒட்டிய சம்பலை
எங்களுக்கு முன்பே
எறும்புகள் எண்ணத் தொடங்கியிருந்தன.
ஒற்றைக் காலுறை.
நான்காய்க் கிழித்த கணிதத் தாள்;
ஒட்டிப் பார்த்தோம், பதினெட்டு மதிப்பெண்.
பெயர் இருந்த துண்டு மட்டும் கிடைக்கவில்லை.
யுவனேஸ் அன்றைக்கு
வழக்கத்தைவிட அதிகமாகவே உழைத்தான்.

கடிக்காத ரொட்டி நான்கு.
"அம்மா பார்த்தா அடிப்பாங்க" என்றது ஒரு குரல்.
யார் அம்மா என்று
யாரும் கேட்கவில்லை.

பதினொன்றரைக் கிலோ.
குணவதி டீச்சர் வெண்பலகையில் எழுதிவிட்டு
புதிதாய் வந்த மூன்று தொட்டிகளைக் காட்டினார்.
நீலம் காகிதத்துக்கு, பழுப்பு கண்ணாடிக்கு,
ஆரஞ்சில் தகரமும் ஞெகிழியும்.
பிரித்தோம். கைதட்டினோம். படம் எடுத்தார்கள்.

லோகவர்மன் கைதட்டவில்லை.
அவன் அப்பா
குப்பை லோரியின் பின்படியில் தொங்கியபடி
ஏழாங்கட்டையிலிருந்து பட்டணம் வரை போகிறவர்.
"மூணையும் ஒரே லோரியிலதான் கொட்டுவாங்க டீச்சர்.
எங்கப்பாதான் கொட்டுவாரு."

வெளியே பழ லோரி ஒன்று கியர் மாற்றியது.
அது மேடேறி முடிக்கும்வரை
டீச்சர் பேசவில்லை.
பிறகு, நிஜமாகவே தெரியாதவர் கேட்பதுபோல்,
"எப்ப வரும் லோரி?"

வியாழன், பத்தரை, ஓய்வு நேரம்.
வாயிற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.
இறங்கினார். மகனைப் பார்த்தார்,
மற்ற இருபத்தொரு பேரையும் பார்த்து
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
நீலத்தைக் கவிழ்த்தார். ஆரஞ்சைக் கவிழ்த்தார்.
ஒரே வாய். ஒரே இருட்டு.
லோகவர்மன் சொன்னது சரிதான்.

பழுப்பைத் தூக்குமுன்
உள்ளே கை விட்டார்.
அப்போதுதான் பார்த்தேன்,
அவருக்கு இடக்கையிலும் உறை இல்லை,
வலக்கையிலும் இல்லை.

கையில் வந்தது, உடைந்த சாஸ் போத்தல்.
நாளிதழில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு
தீபாஷினி சிவப்பில் எழுதியிருந்தாள்:
"கண்ணாடி. கை பத்திரம்."
ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.
அதையும் லோரிக்குள்தான் போட்டார்.
எறியவில்லை, வைத்தார்.

அடுத்த புதன் மறுபடி நிறுத்தோம்.
பன்னிரண்டு கிலோ.
அரைக் கிலோ கூடியிருந்தது.
டீச்சர் அழிப்பானை எடுத்தார்.
"இருக்கட்டும் டீச்சர்" என்றான் லோகவர்மன்.
இரண்டு எண்ணும்
பலகையிலேயே இருக்கின்றன.