பூஜ்யத்துக்கு மூன்று

விளையாட்டுத் துறை அலமாரியில்
ஆண்கள் கால்பந்துக்குப் பதிவேடு ஏழு.
எங்களுக்கு ஒன்று. அதிலும் முன்பாதி
விடுதியின் பழைய பால் கணக்கு.
கவிழ்த்துப் பிடித்துப் பின்னாலிருந்து புரட்டினால்
பெண்கள் அணி தொடங்கும்.

முதல் ஆட்டம்: பதினொன்றுக்குப் பூஜ்யம்.
பூஜ்யம் நாங்கள்.
அடியில் ஃபெலிக்ஸ் மாஸ்டர் எழுதியிருக்கிறார்:
'இரண்டாம் பாதியில் நான்குதான்.'
பிறகு ஒன்பது, ஆறு, ஆறு, மூன்று.
பிறகு ஒரு டிரா. யாரோ அதைச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்கள்,
காலண்டரில் கல்யாணத் தேதியைச் சுழிப்பதுபோல.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை
அணி பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடும்.
பி.காம்., பி.எஸ்ஸி., ஒருத்தி சட்டம்.
நடுவரிசைக்கும் முன்வரிசைக்கும் இப்போதுதான் கண்பேச்சு படிந்திருக்கும்,
கறுப்பு அங்கி வந்துவிடும்.
வாங்கிய பட்டங்கள் நூற்றுப் பதினாறு.
வென்ற பட்டம் ஒன்று.
அந்த வருடம் நான் இல்லை. கோப்பையைப் பார்த்திருக்கிறேன்,
பதிவாளர் அறையில். பேனாக்கள் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது நாற்பத்தொன்றாம் பக்கம்.
'வாக்ஓவர். 0–3.'
அவ்வளவுதான். கோல்கீப்பர் கட்டத்தில்
ஆ. எஸ்தர் வளர்மதி, நான்.
யாரும் உதைக்காத மூன்று பந்துகள்
இருபது வருடமாக என் முதுகுக்குப் பின்னால், வலையில்.

அன்று ஆஸ்டின் டவுன் மைதானத்துக்கு வந்தது ஆறு பேர்.
ஏழு பேர் நின்றால் விசில் ஊதலாம்.
தேச்சம்மா, ருக்ஸானா, இன்னும் மூவர்
புள்ளியியல் இரண்டாம் தாள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.
ஜெர்சியில் இருந்த அதே முத்திரைதான்
வினாத்தாளிலும்.
தேதி மாற்றக் கேட்டு மூன்று கடிதம் கொடுத்திருந்தோம்.
மூன்றிலும் சீல் இருந்தது: 'பெறப்பட்டது.'

நடுவர் பதினைந்து நிமிடம் பார்த்தார்.
பாக்யவதி கேட்டுக்கும் கோட்டுக்குமாக ஓடினாள்,
யாராவது பாதித் தாளில் எழுந்து வருவார்கள் என்று.
விசில். கையெழுத்து.
ஒரு டிவிஷன் கீழே இறங்குவதற்குச் சத்தமே இல்லை.

ஷூ கழற்றும்போது எதிரணி கேப்டன் வந்தாள்.
லூர்து ஷீலா, கௌதமபுரத்துக்காரி,
முழங்காலில் பழைய தையல்.
'பஸ் காசு போட்டு வந்திருக்கோம்ல,' என்றாள்.
'எங்ககிட்ட பதினாலு பேர். நாலைத் தர்றேன். எறங்குங்க.'

பத்துக்குப் பத்து.
நடுவர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு
கோட்டோரம் உட்கார்ந்து கடலை தின்றார்.
இரவல் வந்த நால்வரில் ஒருத்தி
தன் சொந்த அணிமேலேயே கோல் போட்டுவிட்டு
யாரைக் கட்டிக்கொள்வதென்று தெரியாமல் நின்றாள்.
அலசூர்ப் பக்கமிருந்து மழை வந்தது.
செஞ்சேற்றில் எந்த ஜெர்சி யாருடையதென்று போய்விட்டது.
'ஹிந்தே! ஹிந்தே!' என்று ஒருத்தி கத்தினால்
இருபது பேரும் பின்னால் திரும்பினார்கள்.

கணக்கு வைக்கவில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.
கீப்பரால் அப்படிச் சொல்ல முடியாது.
நாங்கள் போட்டது இரண்டு, நான் வாங்கியது ஐந்து.
ஒன்று கால்களுக்கு நடுவே போனது,
விழுந்து கிடந்தபடியே சிரித்தேன்.

இப்போது இந்தத் துறையில் கிளார்க் நான்.
தணிக்கைக்காகப் பதிவேட்டை இறக்கினேன்.
0–3ஐ அடித்துவிட்டு 2–5 என்று எழுதலாமா
என்று பேனாவைத் திறந்த நேரத்தில்
மேஜைக்கு ஒரு கடிதம் வந்தது.
சனிக்கிழமை அரையிறுதி.
சனிக்கிழமை செமஸ்டர்.
கொண்டுவந்தவள் நெற்றியில் வேர்வை, கையில் கீப்பர் கையுறை.

சீலை மையில் தொட்டுவிட்டேன்.
அப்படியே வைத்துவிட்டு, கடிதத்தோடு மாடி ஏறினேன்.
பதிவாளர் மூன்று மணிக்கு மேல்தான் பார்ப்பாராம்.
பெஞ்சு காட்டினார்கள்.
வேண்டாம், நிற்கிறேன்.
தொண்ணூறு நிமிடம் நின்று பழகியவள்தான்.