கறை

அடுத்தவர் சிந்துவதில்தான் என் பிழைப்பு.
போர்ட்டோ நகரில், காம்பன்யா ரயிலடிக்குப் பின்னால்,
பதினோரு உணவகங்களின் மேசைவிரிப்பும் கைத்துண்டும்
இரவு பதினொன்றுக்கு மேல் என்னிடம் வரும்.
வெள்ளிக்கிழமை மூட்டையை மோந்தே சொல்வேன்:
எந்தக் கடையில் மத்தி மீன் தீர்ந்தது,
எங்கே பிறந்தநாள்,
எந்த மேசையில் பேச்சு முற்றிக் கோப்பை கவிழ்ந்தது.
சிவப்பு ஒயினுக்கு உப்பும் குளிர்நீரும்.
ஆலிவ் எண்ணெய்க்குச் சுண்ணப்பொடி.
மெழுகுக்குப் பழைய செய்தித்தாள், மேலே சூடான இஸ்திரி.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை
யாரும் எதையும் சிந்தவில்லை.
வியாழனும் சிந்தவில்லை.

ஊரே கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தது.
சுத்தம் சோறு போடுமாம்.
போடவில்லை.

நாற்பது கிலோ எந்திரம், ஜனவரியில்தான் வாங்கியது.
அறுபது தவணை. கட்டியது இரண்டு.
அது நின்ற பிறகுதான்
இந்தச் சுவரில் ஒரு கடிகாரம் இருப்பது காதில் விழுந்தது.

வேன் ஓட்டும் அடில்சன் தினமும் வந்தான்.
வராதே என்றேன், வந்தான்.
பேட்டரி செத்துவிடும் என்று
முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டுவான்,
வெறும் வேனை நிறுத்தி,
பழக்கத்தில் பின்கதவைத் திறந்து பார்ப்பான்.

அரசு உதவிக்கு ஒரு படிவம்.
வருவாய் எத்தனை விழுக்காடு குறைந்தது?
நூறு என்று தட்டினேன்.
அந்தக் கட்டத்தில் இரண்டு இலக்கம்தான் நுழையும்.
தொண்ணூற்றொன்பது என்று பொய் சொன்னேன்.
மிச்சம் அந்த ஒரு விழுக்காடு
எங்கே இருக்கிறதென்று இன்னும் தேடுகிறேன்.

மருத்துவமனைக்குப் பேசிப் பார்த்தேன்.
நாளைக்கு இரண்டு டன், முடியுமா என்றார்கள்.
அவர்கள் மூட்டை என் வாசலைவிட அகலம்.

செஃபெரினோ எனக்கு பிப்ரவரி பாக்கி.
நான் சோப்புக்காரர் வால்தெமாருக்குப் பாக்கி.
வால்தெமார் யாருக்கோ.
ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.
தொலைபேசியில் மழையைப் பற்றிப் பேசினோம்.
அந்த ஆண்டு மழையைப் பற்றி
அவ்வளவு பேச எதுவுமில்லை.

செஃபெரினோவின் முப்பத்தொரு விரிப்புகள்
என் அலமாரியில் மடித்தபடி.
மடிப்பில் மஞ்சள் ஏறியது.
மறுபடி வெளுத்தேன்,
யாருமே சாப்பிடாத துணியை,
என் தண்ணீரில், என் மின்சாரத்தில்.

மே மாதம் திறக்கலாம் என்றார்கள்.
அடில்சன் வேனைக் கழுவி
ஒன்பது மணிக்கே வந்து நின்றான்.
பதினொன்று. பன்னிரண்டு.
தெருமுனை உணவகத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.
மூட்டை வரவில்லை.

மறுநாள் நானே போய் உட்கார்ந்தேன்.
மேசைமேல் காகிதம்.
இனி இதுதான் விதி, கிராசியெத்தெ, என்றான் செஃபெரினோ.
முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கொஞ்சம் முகமும்
வெளுத்திருந்தது.
வெளுப்பு எனக்குத் தெரியாதா.

ஆக்டோபஸ் சுட்டது, ஒரு கோப்பை ஒயின்.
கை தவறியதோ, நானே தவறவிட்டேனோ,
ஒயின் காகிதத்தில் ஓடியது.
கசக்கினான். கூடையில் போட்டான்.
புதுத்தாள் விரித்தான்.
இரண்டு நொடி.
எனக்கு அது நாற்பது நிமிட வேலை,
மூன்று பேர் சம்பளம்.

காசு வாங்க மாட்டேன் என்றான்.
பாக்கியில் கழித்துக்கொள்.
காதிலிருந்து பேனாவை எடுத்து மேசைத்தாளிலேயே எழுதினான்:
நானூற்றுப் பன்னிரண்டு யூரோ,
ஆக்டோபஸ் பதினான்கு, ஒயின் மூன்று போக
முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.
கீழே கையெழுத்தும் போட்டான், வங்கிக்காரன் மாதிரி.
கிழித்துத் தரச்சொல்லிப் பையில் வைத்தேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால்
தட்டிலிருந்து எண்ணெய் ஊறி
கடைசி இலக்கம் கலங்கிக் கிடந்தது.

எழுந்து போய்ச்
சுண்ணப்பொடி எடுத்து வந்து தூவினேன்.
காகிதத்தில் வேலை செய்யாது.
தெரியும்.