நான்கு கிலோமீட்டர் ஓடிய கார்

உல்சானை நான் பார்த்ததில்லை.
அது அனுப்பும் கப்பலின் வயிற்றுக்குள்
மாதம் இருமுறை போய்வருகிறேன்,
டர்பனில், பாயின்ட் துறையில்,
சரிவுப் பாலம் இரும்புச் சத்தத்தோடு இறங்கிய பின்.

மோதிரம் கூடாது. பெல்ட் கொக்கி கூடாது.
தாலியைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானிட வேண்டும்.
பெயின்ட்டில் விழும் கீறல்
என் சம்பளத்திலும் விழும்.
ஃபோர்மேன் ஹ்லொங்வானே விசில் அடித்ததும்
ஒவ்வொன்றாய் வெளியே ஓட்டுகிறோம்,
சீட்டு உறை பிளாஸ்டிக் தொடைக்கடியில் நொறுநொறுக்க.

மீட்டரில் நான்கு கிலோமீட்டர்.
அந்த நான்குதான் எனக்குத் தெரிந்த உல்சான்:
ஆலை வாசல், ஒரு சோதனைத் தடம்,
மழை பெய்த ஒரு நாள் (சக்கர வளைவில் சேறு),
கப்பலின் வாய்.
நடுவில் கிடந்த கடலுக்கு
மீட்டர் ஓடவில்லை.

ஒருமுறை இரண்டாம் அதிகாரி
கைபேசியில் தன் ஊரைக் காட்டினார்.
இரவு. குழாய்க் காடு. உச்சியில் சுடர்.
'மெரேபாங்க்' என்றேன்.
இல்லை இல்லை என்று தலையாட்டினார்.
என் குளியலறை ஜன்னலை அவருக்கு எப்படி விளக்க?
அந்தச் சுடர் பெருத்த இரவுகளில்
தேஷ்னியின் மார்பில் விசில் கேட்கும்,
இன்ஹேலரைத் தேடுவேன் இருட்டில்.
அங்கும் திமிங்கலம் அறுத்தார்களாம் ஒரு காலம்.
இங்கே ப்ளஃப் குன்றுக்குப் பின்னால்
கொழுப்புக் கொதிகலன் கழுவியவர் என் மாமனார்;
எங்கள் கல்யாணப் பந்தியிலும்
அவர் பக்கத்து இலை காலியாகத்தான் இருந்தது.

அதிகாரியின் சட்டையில் பெயர்: நாம்.
சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழில்
அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சிகரெட் முடிந்துவிட்டது அவருக்கு.

நேற்று ஆறாம் தளம், ஒன்பதாம் வரிசை,
வெள்ளைச் சின்னக் கார்.
ஏறியதும் எப்போதும் முதல் வேலை
சீட்டை முன்னால் இழுப்பது.
நான் நாலடி பத்தங்குலம்.
இதில் இழுக்க ஒன்றுமில்லை.
கால் நேராய்ப் பிரேக்கில் போய் உட்கார்ந்தது.
கண்ணாடியில் என் கண்கள், திருத்தாமலே.
கதவுப் பையில் பருத்திக் கையுறை,
இடது கை மட்டும்,
உள்ளங்கையில் சிவப்பு ரப்பர் தேய்ந்து.

போட்டுப் பார்த்தேன்.
சுண்டுவிரல் நுனிவரை சரி.

பின்னால் ஹார்ன். ஹ்லொங்வானே கத்துகிறார்.
வளைவுகளைச் சுற்றி இறங்கி
வெயிலில் கோடு போட்ட கட்டத்துக்குள் நிறுத்தினேன்.
மீட்டர் ஐந்து என்று மாறியது.

கையுறையை இருந்த இடத்தில் வைத்தேன்.
சீட்டை அசைக்கவில்லை.
அடுத்து ஏறுகிறவன் நெட்டையன் என்றால்
முழங்கால் கொஞ்சம் இடிக்கட்டும்.